பாதியில் நின்ற லேண்ட் ரோவர்

பழைய வண்டி ஒன்றைப் பிரித்துப் போட்டு, தன் விருப்பத்துக்கு மாற்றிக் கட்டத் தொடங்கி, நடுவில் கைவிட்டவர் அதை விற்க முன்வருவது உண்டு. அப்போது வாங்க நினைப்பவர் கணக்குப் பார்க்க வேண்டியது கொட்டகையில் நிற்கும் வண்டியை மட்டுமல்ல, இனி செய்ய வேண்டிய வேலையையும்தான். இந்த வியாபாரம் எல்லா ஊரிலும் நடக்கிறது. மலேசியாவின் கேமரன் மலையில் அப்படிக் கைமாறும் வண்டி பெரும்பாலும் லேண்ட் ரோவராகவே இருக்கும்.

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள இந்த மலைப்பகுதிக்கு, 1885இல் இங்கே வந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயர் வைக்கப்பட்டது. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று ஏறத்தாழ 1,100 மீட்டரிலிருந்து 1,600 மீட்டர் உயரம்வரை ஊர்கள் அமைந்துள்ளன. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் வந்தது. சரிவுகளைத் திருத்திக் கன்று நட்டதிலும், தலைமுறைகளாகக் கொழுந்து பறித்ததிலும் தமிழ்த் தொழிலாளரின் பங்கு பெரிது. தோட்டத்துச் செம்மண் பாதைகள் செங்குத்தானவை, வளைவுகள் குறுகியவை, மழை பெய்தால் வழுக்கும். கொழுந்து, உரமூட்டை, காய்கறிக் கூடை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் ஏறி இறங்க நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி தேவைப்பட்டது. லேண்ட் ரோவர் இங்கே நிலைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அதன் பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக ஜப்பானிய டீசல் எஞ்சின் பூட்டுவது, பின்பக்கத்தை அறுத்துத் தட்டுப்பலகை வைப்பது, உல்லாசப் பயணத்துக்காக உயர்த்திக் கட்டுவது ஆகியவை நெடுநாளாக நடந்துவரும் வேலைகள். நடுவில் நின்றுபோகும் வேலைகளும் அதனால்தான் அதிகம்.

முதல் லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்குக் கட்டுப்பாடு இருந்தது; அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. ரோவர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் மாரிஸ் வில்க்ஸ், வண்டியின் மேலுடலை பிர்மாபிரைட் எனப்படும் அலுமினிய-மக்னீசியக் கலவையில் செய்தார். சேசிஸ் எஃகு. முதல் தலைமுறை 1958வரையும், இரண்டாவது தலைமுறையும் அதன் திருத்திய வடிவமும் 1971வரையும், மூன்றாவது 1985வரையும் ஓடின. 1990இல் டிஃபெண்டர் என்று பெயர் மாறியது. 2016 ஜனவரியில் அந்தப் பழைய வடிவம் முடிவுக்கு வந்தது. இத்தனை மாற்றத்திலும் அலுமினிய உடலும் எஃகுச் சேசிஸும் மாறவில்லை. வாங்குபவர் ஏமாறுவதற்கு முதல் காரணமும் இதுவே. சாதாரணக் காரில் கதவோரம் துருப்பிடித்தால் அடிப்பக்கமும் போயிருக்கும் என்று ஊகிக்கலாம். லேண்ட் ரோவரின் அலுமினியக் கதவுத் தகடு 50 ஆண்டுக்குப் பிறகும் நேர்த்தியாக இருக்கும். அதைத் தாங்கும் சேசிஸ் கையால் உதிர்க்கும் நிலைக்கு வந்திருக்கும்.

இரும்பு துருப்பிடிக்க மழை வேண்டியதில்லை, ஈரக்காற்றே போதும். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டியதும் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியத் தொடங்கி, அரிப்பு வேகமெடுக்கிறது. ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் நேரத்தை உலோகம் ‘நனைந்திருக்கும் நேரம்’ என்று சர்வதேசத் தர அளவைகள் கணக்கிடுகின்றன. கேமரன் மலையின் சுங்கை பாலாஸ் பக்கம் பனிமூட்டம் இறங்கும் மாலையிலிருந்து மறுநாள் வெயில் வரும்வரை அந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். உரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். அம்மோனியம் சல்ஃபேட் சுமார் 80 விழுக்காடு ஈரப்பதத்திலும், பொட்டாசியம் குளோரைடு சுமார் 84 விழுக்காட்டிலும் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தாமே கரைசலாகிவிடும். உரமூட்டை ஏற்றிய வண்டியின் இடுக்குகளில் சிந்திய தூள், இரவுதோறும் உப்புநீராக மாறி இரும்பைத் தின்கிறது. கடற்கரையில் ஓடாத வண்டி என்பதால் உப்பரிப்பு இருக்காது என்று கேமரன் மலையில் சொல்ல முடியாது.

ஆனாலும் நல்ல காற்றோட்டத்தில் வெறும் எஃகு அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடாது. நடுத்தர அரிப்புச் சூழலில் முதல் ஆண்டு இழப்பு 25 முதல் 50 மைக்ரான் என்று அதே தர அளவைகள் வகைப்படுத்துகின்றன. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தகட்டால் ஆன சேசிஸ் அந்தக் கணக்கில் அரை நூற்றாண்டு தாங்க வேண்டும். பல இடங்களில் தாங்கியும் இருக்கிறது. கெடுவது சேறு தங்கும் இடங்கள்தான். லேண்ட் ரோவர் சேசிஸ், தகடுகளைப் பெட்டிபோல் பற்றவைத்து ஏணி வடிவில் கட்டியது, உள்ளே வெற்றிடம். நீர் வடியும் துளைகளைச் செம்மண் அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே கிடக்கும், துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியில் பூசிய தார் அதை மறைத்து வைக்கும்.

அதனால் பரிசோதனை தரையில் படுத்துத்தான் தொடங்க வேண்டும். ஒரு சிறு சுத்தியலும் பழைய திருப்புளியும் போதும். முன் ஸ்பிரிங் கட்டியிருக்கும் நுனியிலிருந்து பின்னோக்கி, ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துரு அடுக்கடுக்காக ஏறிய தகடு அதிர்வை விழுங்கிவிடுவதால் ‘டொப்’பென்று மந்தமாகக் கேட்கும். ஒலி மாறிய இடத்தில் திருப்புளியின் முனையை வைத்து அழுத்தினால் மேலே ஒட்டிய தார் விரிசல் விட்டு, தேயிலைத்தூள் நிறத்தில் செதில்கள் கொட்டும். சில வண்டிகளில் முனை உள்ளேயே போய்விடும். முதலில் போகும் பகுதி பெரும்பாலும் வண்டியின் கடைசியில் இருக்கும் குறுக்குச் சட்டம். அடுத்தவை மேலுடலைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள், பட்டை ஸ்பிரிங் தொங்கும் தாங்கிகள், பெட்ரோல் தொட்டிக்கு மேலே கண்ணில் படாத சேசிஸ் மேற்பரப்பு. குறுக்குச் சட்டத்தை மட்டும் மாற்றுவது ஒரு பட்டறையில் முடியக்கூடிய வேலை. நீளச் சட்டம் இரண்டும் உள்ளே கரைந்திருந்தால் ஒட்டுப்போடுவதில் பயனில்லை. துருவின் மேல் வைத்த ஒட்டு தன் விளிம்பிலேயே மறுபடி பிய்ந்துவிடும். வேறு சேசிஸ் என்றால் வண்டியை முழுவதும் பிரிக்க வேண்டும்.

சேசிஸுக்கு அடுத்தது, எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவே நிற்கும் இரும்புத் தடுப்பு. பட்டறைகளில் இதை பல்க்ஹெட் என்பார்கள். கதவின் கீல், முன்கண்ணாடி, ஸ்டீயரிங், மிதிகள், மின்கம்பிகள் எல்லாம் இதில்தான் வந்து சேர்கின்றன. கால் வைக்கும் குழியும் கதவுத் தூணின் அடியும் முதலில் ஓட்டை விழும். கேமரன் மலை மழையில் நனைந்த ரப்பர் விரிப்பு அந்தக் குழியை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும். இங்கே காந்தம் உதவும். பெயிண்டுக்கு அடியில் இரும்புக்குப் பதில் பட்டி பூசி அடைத்திருந்தால் காந்தம் ஒட்டாது. அதே காந்தத்தைக் கதவிலும் மட்கார்டிலும் வைத்துப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அலுமினியத்தில் அது எப்படியும் ஒட்டாது.

அலுமினியத்துக்கும் ஓர் எதிரி உண்டு. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் உப்புநீரும் இருந்தால் அது ஒரு மின்கலம். எஃகோடு சேர்ந்த அலுமினியம் அந்தக் கலத்தில் கரையும் பக்கமாகிவிடும். கதவின் உட்சட்டம் எஃகு, மேல்தோல் அலுமினியம். கதவின் அடிவிளிம்பில் பெயிண்ட் கொப்பளித்து, சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிர்வது இந்த மின்வேதியியலின் விளைவு. தொழிற்சாலையில் இரும்பு ஓரங்களுக்குத் துத்தநாகம் பூசி இதைத் தணித்தார்கள். மாற்றிக் கட்டியவர் கடையில் கிடைத்த சாதாரண இரும்பு போல்ட்டும் பட்டையும் போட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது என்று கொள்ளலாம். அழகுக்கு ஆகாது என்றாலும் கதவு மாற்றக்கூடிய பொருள். வண்டியை வேண்டாம் என்று சொல்ல இது காரணமாகாது.

இதுவரை சொன்னது எந்தப் பழைய லேண்ட் ரோவருக்கும் பொருந்தும். பாதியில் நின்ற வண்டிக்கு இன்னொரு துன்பம் உண்டு: ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டி வேகமாகக் கெடும். ஓடும்போது எஞ்சின் சூடு ஈரத்தை உலர்த்தும், காற்று அடிக்கும். தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியதில் மண்ணிலிருந்து எழும் நீராவி மேலே போக வழியின்றி, இரவில் குளிர்ந்த சேசிஸின் மேல் பனித்துளியாகப் படியும். பழைய பெயிண்டைச் சுரண்டி வெறுமையாக்கிய எஃகு இந்த ஈரத்தில் சில மணி நேரத்திலேயே செம்பழுப்பாகிவிடும். பிரைமர் அடித்தாயிற்று என்று விற்பவர் சொன்னாலும் நிம்மதி கொள்ள முடியாது. சாதாரண பிரைமர், மேல்பூச்சுக்குப் பிடிமானம் தருவதற்காகச் செய்தது, நீரைத் தடுக்க அல்ல. நுண்துளைகள் வழியே ஈரம் உள்ளே போகும். பிரைமரோடு இரண்டு மழைக்காலம் நின்ற சேசிஸைத் திரும்பச் சுரண்டத்தான் வேண்டியிருக்கும். பிரித்து வைத்த எஞ்சினுக்கும் இதே கதி. வால்வு திறந்த நிலையில் நின்ற சிலிண்டருக்குள் ஈரக்காற்று போய், பிஸ்டன் வளையம் சுவரோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். பழைய எஞ்சின்களில் முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றும் வசதி இருக்கிறது. கையால் ஒரு முழுச்சுற்று வந்தால் பாதிக் கவலை தீரும்.

இனி ஒரு கேள்வியை விற்பவரிடம் நேராகவே கேட்கலாம்: வேலை எந்த இடத்தில் நின்றது? பொழுதுபோக்காக வண்டி கட்டுபவர் இனிய வேலையை முதலில் செய்வார். பெரிய டயர், புதுச் சீட்டு, கூரை விளக்கு எல்லாம் வாங்கி வைத்துவிடுவார். பல்க்ஹெட், மின்கம்பி, பிரேக் குழாய், பத்திரம் ஆகியவை கடைசிக்குத் தள்ளப்படும். அதனால் எண்பது விழுக்காடு முடிந்ததாகத் தோன்றும் வண்டியில் மிச்சமிருக்கும் பகுதி முழு வேலையின் ஐந்தில் ஒரு பங்காக இருப்பது அபூர்வம். கடினமானது எல்லாம் அதற்குள்தான் குவிந்திருக்கும். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பழைய கார் சந்தையையே உதாரணமாக எடுத்தார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லா வண்டிக்கும் சராசரி விலையே கிடைக்கும். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்காமல் விலகிவிடுவார். சந்தையில் மோசமானவை மிஞ்சும். 2001இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த இந்தக் கருத்து முடிவடையாத வண்டிக்கு இன்னும் இறுக்கமாகப் பொருந்துகிறது. வேலை ஏன் நின்றது என்பதற்கு நேர்மையான காரணங்களும் இருக்கின்றன. குழந்தை பிறந்திருக்கலாம், வேலை கோலாலம்பூருக்கு மாறியிருக்கலாம். அப்படிப்பட்டவர் வாங்கிய ரசீது, பிரிக்கும்போது எடுத்த படம், பெயர் எழுதிய பைகள் என்று எதையாவது காட்டுவார். காரணம் மட்டும் சொல்லி எதையும் காட்டாதவரின் வண்டியில், காரணம் பெரும்பாலும் சேசிஸுக்குள் இருக்கும்.

எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் இணைப்பைப் பார்க்க வேண்டும். ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து இறக்கும் ஹாஃப்கட் கார்களிலிருந்து டீசல் எஞ்சின் கிடைப்பது மலேசியாவில் எளிது. அதை லேண்ட் ரோவர் கியர்பாக்ஸோடு சேர்க்கும் தகடுதான் கஷ்டம். எஞ்சினின் அச்சும் கியர்பாக்ஸின் அச்சும் ஒரே கோட்டில் அமையாவிட்டால் கிளட்ச்சும் பேரிங்கும் அடிக்கடி போகும். இழுவை கூடிய எஞ்சினுக்குப் பழைய பின்பக்க ஆக்சில் ஷாஃப்ட் தாங்காமல் முறியும். எஞ்சின் ஓடுகிறது என்று காட்டுவது வேறு, வண்டி ஏற்றத்தில் சுமையோடு ஓடுகிறது என்பது வேறு.

பிரேக்கை இல்லாததாகவே கணக்கில் எடுப்பது நல்லது. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சாலையில் உயரம் சுமார் 1,400 மீட்டர் குறைகிறது. ஒன்றரை டன் வண்டி அந்த உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் இரண்டு கோடி ஜூல். 60 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும், மீதி பிரேக் டிரம்முக்குத்தான் போகும். பிரேக் ஆயிலோ காற்றிலிருந்து நீரை உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலைக்கு விதி கேட்கும் கீழ்வரம்பு புதிதில் 205 டிகிரி செல்சியஸ், நீர் ஏறியபின் 140 டிகிரி. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியின் குழாயில் இருப்பது நீர் ஏறிய ஆயில். அது கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது.

கழற்றிய உதிரிகள் மைலோ டின்னிலும் பிஸ்கட் டின்னிலும் வந்து சேரும். எண்ணிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. முதல் தலைமுறை வண்டிகளில் பிரிட்டிஷ் திருகுப்புரி, பிந்தியவற்றில் அமெரிக்க அங்குலப்புரி, மாற்றிய ஜப்பானிய எஞ்சினில் மெட்ரிக் புரி. மூன்றும் ஒரே டின்னில் கலந்திருந்தால் போல்ட் பொருத்தவே நாள்கள் போகும். பெரிய உதிரிகள் இன்றும் இறக்குமதியாகக் கிடைக்கின்றன. சிறு தாங்கிகளும் மூடிகளும் தொலைந்திருந்தால்தான் தேடி அலைய வேண்டும்.

பத்திரம் பற்றிய சோதனை எல்லாவற்றுக்கும் முந்தியது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை வண்டிகளில் சேசிஸ் எண் வலப்பக்க முன் ஸ்பிரிங் தாங்கியின் அருகே பொறித்திருக்கும். அந்த நுனியை அறுத்து ஒட்டியிருந்தாலும், துரு தின்றிருந்தாலும் எண் போய்விடும். பெயர் மாற்றத்தின்போது நடக்கும் வாகனச் சோதனையில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவோடு ஒத்துப்பார்க்கப்படும். மாற்றிய எஞ்சினுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் ஒப்புதல் வேண்டும்; எஞ்சின் வாங்கிய ரசீதும் இறக்குமதிப் பத்திரமும் இல்லாமல் அந்த ஒப்புதல் கிடைப்பது கடினம். தோட்டத்துக்குள்ளேயே ஓடி, ஆண்டுக்கணக்கில் சாலை வரி காணாத வண்டிகள் இந்த மலையில் உண்டு. அவற்றைப் பொதுச்சாலைக்குக் கொண்டுவர முடியுமா என்பதை விலை பேசும் முன்பே துறை அலுவலகத்தில் விசாரித்துவிட வேண்டும்.

விலையைப் பேசும்போது விற்பவர் இதுவரை செலவழித்த தொகையைச் சொல்வார். அதற்கும் வண்டியின் மதிப்புக்கும் சம்பந்தம் இல்லை. போன பணத்தின் பிடி மனிதருக்கு எவ்வளவு வலிது என்பதை ஹால் ஆர்க்ஸும் கேதரின் புளூமரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நாடகப் பருவச் சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிடப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். சீட்டு ஒன்றுதான், கொடுத்த பணம்தான் வேறு. விற்பவரைப் பிடித்திருக்கும் இந்த மயக்கம், வண்டி கைமாறிய மறுநாளே வாங்கியவரையும் பிடித்துக்கொள்ளும். வேலை நாளைக் குறைத்து மதிப்பிடுவதும் பொதுவான குணம். ரோஜர் பியூலரும் சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. கணிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம். வண்டிப் பட்டறையில் இந்தப் பெருக்கல் தாராளமாகவே நடக்கும்.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். எடுத்துக்காட்டாக, அதே வகை வண்டி ஓடும் நிலையில், சரியான பத்திரத்தோடு 40,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிறது என்று கொள்வோம். மீதி உதிரிக்கு 14,000, கூலிக்கு 10,000 என்று மதிப்பிட்டால் 24,000. அதை ஒன்றரையால் பெருக்க 36,000. நின்றபடி அந்த வண்டிக்குக் கொடுக்கத் தக்கது 4,000 வெள்ளி. விற்பவர் 15,000 கேட்டால் அவர் பொய் சொல்கிறார் என்று பொருளல்ல. அவர் தன் செலவைக் கணக்கிடுகிறார், வாங்குபவர் தன் செலவைக் கணக்கிட வேண்டும். சொந்தக் கையால் வேலை செய்பவர் கூலியைக் கழித்துக்கொள்ளலாம், அதுவும் பற்றவைக்கத் தெரிந்தால் மட்டுமே.

இந்தக் கணக்கு தலைகீழாக நிற்கும் சந்தர்ப்பமும் உண்டு. முந்தியவர் துத்தநாகக் குளியல் போட்ட புதுச் சேசிஸ் இறக்கி, பல்க்ஹெட்டை முறையாகக் கட்டி, பத்திரத்தில் எண்ணையும் சரிசெய்துவிட்டு எஞ்சின் வாங்கப் பணமில்லாமல் நிறுத்தியிருக்கலாம். வண்டி பார்க்க எலும்புக்கூடாக இருக்கும். பெயிண்ட் இருக்காது, சீட்டு இருக்காது. முடிவடையாத உழைப்புக்குச் சந்தை பெரிதாக விலை கொடுப்பதில்லை என்பதால் அது மலிவாகவே போகும். அப்படி ஒன்று கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். பளபளக்கும் பெயிண்டும் புது டயரும் போட்டு, சேசிஸில் ‘டொப்’பென்று ஒலிக்கும் வண்டியையும், எண் ஒத்துப்போகாத வண்டியையும் சும்மா கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.

வாங்குவது என்று முடிவானால், மலையிறங்க அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. லாரியில்தான் ஏற்ற வேண்டும். லாரி வாடகையையும் சேர்த்தே விலை பேச வேண்டும்.